பேங்க் மாறிய பென்ஷன்

தூ! இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றவள் நான். புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கோபிசெட்டிபாளையத்தில் மகன் வீட்டில் இருந்தேன். டிரஷரியிலிருந்து பென்ஷன் பேங்குக்கு வரும். மாதம் பிறந்ததும் மகன் ஒரு சீட்டை நீட்டுவான், நான் கையெழுத்துப் போடுவேன், அவன் போய் எடுத்துக்கொள்வான். என் கைக்கு வருவது பஸ் காசுதான். எனக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. கோயமுத்தூர் போய் ஆபரேஷன் செய்யலாம் என்றால், "வெள்ளாமை எடுத்துப்போட்டுப் பார்க்கலாமுங்கம்மா" என்பான். நெல்லும் அறுத்தார்கள், வாழையும் வெட்டினார்கள். ஊரார் கண்ணுக்கெல்லாம் மருந்து விட்ட எனக்கு ஊசியில் நூல் கோர்க்கப் பார்வை இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக வந்திருந்த பேங்கில் என் பெயரில் கணக்குத் தொடங்கினேன். இனி பென்ஷனை அங்கே போடச் சொல்லி டிரஷரியில் மனு கொடுத்தேன். பழைய பேங்கில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வினை அங்கேதான் இருந்தது.

மேனேஜர் காபி வரவழைத்தார். "ஏனுங்கம்மா, எங்ககிட்ட என்னங்க கொறை?"

"கொறை ஒண்ணுமில்லீங்க. என் பென்ஷன், என் இஷ்டமுங்க. பையனுக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க."

"சேச்சே, நானெதுக்குங்க சொல்றேன்! கடிதத்தை நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

டவுன் பஸ் பிடித்து வீடு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மகன் வாசலில் நிற்கிறான். மேனேஜர் போன் போட்டுவிட்டார். "ஊர்ல என்னம்மா பேசுவாங்க?" என்றான்.

மறுநாள் போய் மேனேஜரிடம் சண்டை பிடித்தேன். "பெரிய குடும்பமுங்க. ஊட்டு ஆம்பளைக்கு ஒரு வார்த்தை சொல்லாம செஞ்சா மரியாதையா இருக்காதுங்க" என்றாரே பார்க்கலாம்! மரியாதையாம் மரியாதை. எத்தனை ஆம்பளைகளின் சீழைத் துடைத்துக் கட்டுப் போட்ட கை இது! அது போடும் கையெழுத்துக்கு இன்னொரு ஆம்பளையின் சம்மதம் வேண்டுமாம். கடிதம் வாங்காமல் நாற்காலியை விட்டு எழவில்லை நான்.

பென்ஷன் மாறியது. புதுப் பேங்கில் முதல் மாதப் பணத்தை நானே எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மகன் எதிரே வந்து உட்கார்ந்தான். வெகு பணிவாகக் கேட்டான்.

"இனிமே சோத்துக்கு மாசாமாசம் என்னங்கம்மா குடுப்பீங்க?"

"நீயே சொல்லு கண்ணு" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னான். என் பென்ஷன் முழுவதையும் கேட்டான்.

கையைக் கழுவினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு அப்படியே கோயமுத்தூர் பஸ் ஏறினேன். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண், "கூட யாருங்க வந்திருக்காங்க? பசங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க" என்றேன்.