தேவனாம்பட்டினத்திலிருந்து வண்டியில் வந்தவன்

முனி அறைந்தது, மோகினி பிடித்தது என்று யாராவது கடைக்கு வந்து ஆரம்பித்தால், "சரக்கு வேணுமா, கதை வேணுமா?" என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்கிற ஆள் நான். பாகூர் கடைத்தெருவில் என்னை முன்கோபி என்பார்கள்; புளுகன் என்று ஒருத்தனும் சொன்னதில்லை. சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில். தென்பெண்ணையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் இங்கிலீஷ்காரன் சீமை. எனக்கு இருபத்திரண்டு வயது. அத்தை மகள் அம்சாவை எனக்குப் பேசி முடித்து, அன்று விளக்கு வைத்ததும் அத்தை வீட்டில் பாக்கு வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. என் பெரியப்பா மகன் தணிகாசலத்துக்கும் அவள் முறைப்பெண்தான், அவனுக்கும் ஆசை உண்டு, ஆனால் அம்சா என்னைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். முறை உள்ளவன் சபையில் எழுந்து, தன் கையால் வெற்றிலைத் தட்டை எடுத்து இன்னொருத்தன் கையில் கொடுத்தால் பெண்ணை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். கொடுத்தது கொடுத்ததுதான். அன்று சாயங்காலம் தணிகா எனக்கு அப்படித் தட்டு கொடுப்பதாக இருந்தான். சிரித்த முகத்தோடுதான் ஒப்புக்கொண்டான்.

வாழைத்தார், பூ, பழம் வாங்க விடியற்காலையில் நாங்கள் இரண்டு பேரும் வண்டி கட்டிக்கொண்டு கடலூருக்குப் போனோம். உச்சிக்கு முன்பே எல்லாம் வாங்கியாகிவிட்டது. "நேரம் கெடக்குதேடா ராசு, கோட்டையப் பாத்துட்டுப் போவலாம்" என்றான் தணிகா. தேவனாம்பட்டினத்துக் கடலோரத்தில் இங்கிலீஷ்காரனுடைய பழைய கோட்டை. கோட்டை என்று பெயர்தான், இடிந்த செங்கல் சுவரும், முள்ளும், மணல் மேடும். ஒரு மேட்டடியில் சுரங்க வாய் ஒன்று, கறுப்பாகத் திறந்து கிடந்தது.

"பேயே இல்லன்றியே, எறங்கு பாப்போம்" என்று சீண்டினான். எனக்கு ரோசம் வந்துவிட்டது, இறங்கினேன். நாலாவது படியோ ஐந்தாவது படியோ, காலுக்குக் கீழே செங்கல் சரிந்து, இரண்டாள் ஆழத்தில் மணலில் போய் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினேன்.

மேலே தணிகாவின் குரல் கேட்டது. "வாடா, நேரமாச்சி, போவலாம்" என்றான். யாரிடம் பேசுகிறான் என்று நினைத்தேன். அப்போது மேலே ஒருத்தன் "க்கும், க்கும்" என்று செருமினான். நீங்களே கவனித்திருப்பீர்கள், இரண்டு தரம் செருமாமல் எனக்குப் பேச்சு வராது. செருமிவிட்டு, "போவலாம்பா" என்றான். நம்பினால் நம்புங்கள், அது என் குரல். அப்புறம், நான் கத்தக் கத்த, மாட்டுச் சலங்கைச் சத்தம். அதுவும் தேய்ந்து நின்றுவிட்டது.

பொழுது சாயும் நேரத்துக்கு வலை உலர்த்த வந்த மீன்காரர்கள் சத்தம் கேட்டுக் கயிறு விட்டார்கள். கால் வீக்கத்தில் நடக்க முடியாமல் அவர்கள் குப்பத்திலேயே விழுந்து கிடந்தேன். அம்சா காத்திருப்பாளே, தணிகா ஊரைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வருவானே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாயும் வரவில்லை.

விடிந்ததும் நொண்டிக்கொண்டே கிளம்பினேன். எல்லையில் சுங்கச்சாவடிச் சேவகன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மறுபடியும் எப்பய்யா இந்தாண்ட வந்த? நேத்து சாயங்காலம் ரெண்டு பேருமாத்தான வண்டில போனீங்க? நீதான வாழத்தாரத் தூக்கிக் காட்டுன?" என்றான். குடித்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாடா, வெடிகாலைல எங்க போய்த் தொலைஞ்ச? பாய்ல ஆளக் காணோமே" என்றாள்.

நேற்று சாயங்காலம் நான் தணிகாவோடு வந்து இறங்கினேனாம். குளித்தேனாம். அத்தை வீட்டுக் கூடத்தில், ஊர்ப் பெரியவர்கள் முன்னால், நானே எழுந்து வெற்றிலைத் தட்டை எடுத்து, "அம்சாவ நீயே கட்டிக்க" என்று தணிகா கையில் கொடுத்தேனாம். ராத்திரி வீட்டில் மூன்று இட்லி தின்றுவிட்டுப் படுத்தேனாம். நான் கத்தினேன், அது நானில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா ஓங்கி ஓர் அறை விட்டார். "ஊரே பாத்துதுடா. குடுத்துட்டு இப்ப நாடகம் ஆடுறியா?"

அம்மா சொன்னதுதான் மோசம். "நேத்து தங்கமா இருந்தியேடா. எதுத்து ஒரு பேச்சு பேசல. இன்னிக்கு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?"

அத்தை வீட்டுக்கு ஓடினேன். அம்சா கதவைப் பாதிதான் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "உன் கையாலதான குடுத்த? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான குடுத்த? போ" என்று சாத்தினாள். வைகாசியில் அவளுக்கும் தணிகாவுக்கும் கல்யாணம். நான் போகவில்லை.

இது தணிகா செய்த சூழ்ச்சி என்றுதான் பல வருஷம் நம்பினேன். என்னைக் குழியில் விட்டுவிட்டு, என் சாயலில் எவனையோ கூட்டிவந்து ஊரை ஏமாற்றிவிட்டான் என்று. ஆனால் பெற்றவளுக்குமா அடையாளம் தெரியாமல் போகும்? அங்கேதான் என் கணக்கு உதைக்கும்.

உலகச் சண்டை ஓய்ந்த வருஷம், பாகூர் ஏரிக்கரையில் தணிகா என்னை வழிமறித்தான். அதுவரை எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

"நீ குழிக்குள்ள கத்துனது கேட்டுச்சுடா" என்றான்.

"கேட்டுதா?"

"கேட்டுச்சு. நீ மேல ஏறி வந்துட்டன்னு வண்டியக் கெளப்பிட்டேன், அப்பதான் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா நீ வண்டில குந்தியிருந்த. உள்ளயும் நீ, வண்டிலயும் நீ. எனக்கு வெடவெடன்னு ஒதறிடிச்சி. எறங்கி வந்து தூக்கலாம்னுதான் நெனைச்சேன். அப்பதான் வண்டில இருந்தவன் சொன்னான், 'அம்சாவ நீயே கட்டிக்க, தட்ட நானே குடுக்குறேன்'னு. அதுக்கப்புறம் மாட்ட நிறுத்த எனக்கு மனசு வரலடா."

அவனை அடித்திருக்க வேண்டும். "அவன் எங்க போனான்?" என்று மட்டும் கேட்டேன். "உங்க வூட்டுலதான் படுத்தான். அப்புறம் எனக்குத் தெரியாது" என்றான்.

தணிகா செய்தது துரோகம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, அது எனக்குப் புரிகிறது. புரியாதது அம்மா விஷயம்தான். அந்த நாளுக்கப்புறம் நான் எப்போது கோபத்தில் கத்தினாலும், "அன்னிக்கு ஒரு நாள் இருந்தியே, அப்பிடி இருந்தா இன்னாடா?" என்று பெருமூச்சு விடுவாள். சாகும் வரைக்கும் சொன்னாள். மலம் அள்ளி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவன் நான்.

கடைசி நாள், நல்ல வெயில் நேரம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னாடா ராசு, அங்கியே நிக்கிற? உள்ள வா" என்றாள். என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வாசல் பக்கம் நீட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் நான் எழுந்து, இடம் விட்டு, தள்ளி நின்றேன். யாருக்காக நகர்ந்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.