தணிகாசலம் கொண்டுவந்த மணி

செய்தி வந்தபோது நான் கங்கையம்மன் கோயில் வாசலில் ஏணிமேல் நின்று வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். கையில் காப்பு கட்டியாகிவிட்டது. சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் தணிகாசலம் அண்ணன் பெயர். இந்த வருஷமும் தாமதம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "இன்னாண்ணே, கூழு ஆறிப்போனப்புறம்தான் வருவியா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். பேசியவர் அவர் இல்லை. நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பக்கத்தில் வண்டி போட்டிருந்த நாமக்கல் டிரைவர் ஒருவர். கேபினில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை, கடைசியாகப் பேசிய நம்பர் இதுதான் இருந்தது என்றார்.

படத்திறப்புக்கு நாலு வார்த்தை எழுதிக் கொண்டுவா, ஊரில் நோட்டீஸ் எழுதுகிறவன் நீதானே என்று என்னைக் கேட்டீர்கள். நல்லவிதமாக எழுது என்றும் சொன்னீர்கள். தணிகாசலத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதுவது ஒரு கஷ்டமும் இல்லை. நம்மைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்பதுதான் கஷ்டம். அதனால் நீங்கள் கேட்ட மாதிரி இது இருக்காது.

அவர் ஓட்டியது நீளமான டிரெய்லர். ஒரகடத்திலிருந்து வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போவார், அங்கிருந்து வேறு சரக்கோடு திரும்புவார். ஊர்த் தெருவுக்குள் அந்த வண்டி திரும்பாது. வல்லக்கோட்டை ரோட்டில் பழைய எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அங்கேயிருக்கும் குழாயில் சோப்புப் போட்டுக் குளிப்பார். சீட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவரில் துவைத்து மடித்த வெள்ளை வேட்டி எப்போதும் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டுதான் ஊருக்குள் நடந்து வருவார். மாப்பிள்ளை வருகிறார் என்று நாம் கேலி செய்வோம். "ரோட்ல நான் லாரிக்காரன். வூட்டாண்ட வந்தா கஸ்தூரி வூட்டுக்காரன்" என்பார். கஸ்தூரி அண்ணி உள்ளே இருந்தபடி, அந்த வேட்டியைத் துவைக்கிறவளும் கஸ்தூரிதான் என்று குரல் கொடுப்பார்.

பண்டிகைக்கு வீடு வந்து சேருவது அவருக்குப் பெரும்பாடு. தீபாவளிக்கு அவர் வீட்டில் வெடிக்காத வெடி கார்த்திகைவரை காத்திருக்கும். மகளுக்கு எடுத்த துணி அளவு பத்தாமல் போய், கடையில் மாற்றி வாங்கிய கதையும் உண்டு. வண்டி எங்கோ சோலாப்பூரில் பஞ்சர், எங்கோ ஓங்கோலில் மழை, எங்கோ சரக்கு இறக்க ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் காரணம் உண்மையாகத்தான் இருக்கும். நாம் ஒரு முறையும் நம்பியதில்லை.

ஒரு பொங்கல் அன்று அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் வீட்டுக்கு வர முடியவில்லை. அதற்குக் காரணமான வாசலில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். உதிரிபாகத் தொழிற்சாலையின் கேட்டில் வண்டிகளுக்கு டோக்கன் போடுவது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். போகிக்கு மதியமே ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். இரும்புச் சுருள் ஏற்றிய வண்டியைத் தனியாக விட்டுவிட்டு அவர் நகர முடியாது. எப்போது இறக்குவார்கள் என்று அவர் கேட்டபோதெல்லாம் நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, இன்னும் கொஞ்ச நேரம்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் ஜன்னலைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

"நிக்க வெக்கறது உன் வேலை, நிக்கறது என் வேலை. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா மூஞ்சப் பாத்துச் சொல்லு மூர்த்தி."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார். மறுநாள் காலையில் அண்ணி தூக்கில் பொங்கலை எடுத்துக்கொண்டு மகளின் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வண்டியின் முகப்பில் இரண்டு கரும்பைக் கட்டி, கேபினுக்குள் இலை போட்டு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பொங்கலோ பொங்கல் என்று நாங்கள் சொல்ல, அவர் ஏர் ஹாரனை அழுத்தினார் பாருங்கள், செக்யூரிட்டி ஆபீசர் பாதி ஷேவிங்கோடு ஓடிவந்தார். அவருக்கும் ஒரு இலை போட்டார் தணிகாசலம்.

இப்போது அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலைப் புதிதாகக் கட்டியபோது பழைய மணியில் விரிசல் விட்டிருந்தது. வடக்கே பித்தளை மணி நன்றாகச் செய்வார்கள், நான் கொண்டுவருகிறேன் என்று அவர் சொன்னார். நாம் வழக்கம்போல நம்பவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் எடைமேடையில் வண்டி வந்து நின்றது. கிளீனர் சீட்டில் பெல்ட் போட்டு மணி உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் அடித்துக்கொண்டு வராமல் இருக்க அதன் நாக்கில் ஒரு சிவப்புத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். இதற்கு எதற்கு இவ்வளவு பத்திரம் என்று நான் கேட்டதற்கு, "சாமி காதுல வுழறதுக்கு முன்னாடி டோல்கேட்டுக்காரன் காதுல வுழலாமா?" என்றார். மணியை மாட்டிய பிறகு அவரே ஏறித் துண்டை அவிழ்த்து, ரொம்ப வேர்க்கிறது, துடைத்துக்கொள் என்று என் தோளில் போட்டார். அன்றிலிருந்து மணிக்கயிறு இழுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. துண்டும் என்னிடமே தங்கிவிட்டது.

கும்பாபிஷேகத்துக்கு அவர் இருக்கவில்லை. விடிவதற்குள் லோடு எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஆடியிலும் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை தீபாராதனை நேரத்துக்கு எனக்குப் போன் வரும். நான் ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டு மறுகையால் போனை உயர்த்திப் பிடிப்பேன். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ரோட்டோரத்தில் வண்டியை ஓரங்கட்டி அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும், "நல்லா கீதுடா" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவார். தான் வாங்கிவந்த மணியின் சத்தத்தை அவர் நேரில் நின்று கேட்டது மாட்டிய அன்று மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ஆடிக்கு எப்படியும் வந்துவிடுகிறேன், எனக்கு ஒரு சொம்பு கூழ் எடுத்து வை என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னபடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் நாக்பூரிலிருந்து ஆம்புலன்ஸ் வல்லக்கோட்டை ரோடு வந்து சேர்ந்துவிட்டது.

அதற்கு முன்பே கோயில் வாசலில் நாம் கூடினோம். என்ன பேசினோம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். காப்பு கட்டியாகிவிட்டது, கரகம் புறப்படத் தயாராக நிற்கிறது, அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சியாயிற்று, உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். சாவு ஊருக்குள் வந்தால் கோயில் நடையைச் சாத்த வேண்டும். நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடலாமே என்று ஒருவர் கேட்டார். கஸ்தூரி அண்ணி கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார். அவர் வூட்டுக்குத்தான் வரணும் என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவருடைய வீடு கோயிலிலிருந்து நாலாவது வீடு.

தீபாராதனை முடிந்து கூழ் வார்த்து முடியும்வரை வண்டி எடைமேடையிலேயே நிற்கட்டும் என்று சொன்ன வாய் என்னுடையது. தலையாட்டியது நீங்கள் எல்லாரும். மனசாட்சி இல்லாதவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. எல்லாருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே செய்தோம்.

வேறு வழியில்லை என்று இப்போதும் சிலர் சொல்கிறீர்கள். வழி இருந்தது, நமக்குத் தெரிந்த வழிதான். கம்பெனிகளுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துப் பெரிய ஆளானவரின் தாயார், இதே போல ஒரு ஆடியில் காப்பு கட்டிய பிறகு இறந்தார். பூசாரியிடம் போய் ஒரு பரிகாரம் கேட்டோம். காப்பை அவிழ்த்து, திருவிழாவை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். தள்ளிவைத்த விஷயத்தை நோட்டீஸாக எழுதியவனும் நான்தான். அம்மன் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மழைகூட நன்றாகப் பெய்தது. அன்றைக்குக் கேட்ட பரிகாரத்தை இன்றைக்குக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. செத்தவர் லாரி டிரைவர், எப்போதும் தாமதமாக வருகிறவர், கொஞ்சம் காத்திருந்தால் என்ன என்று நம் எல்லார் மனதிலும் ஓடியிருக்கிறது. என் மனதில் ஓடியது.

முடிவைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினீர்கள். காப்புக் கட்டியவன் பக்கத்தில் போகக்கூடாது என்று ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். குளிர்பெட்டி ஓட வேண்டும் என்பதற்காக ஆம்புலன்ஸின் என்ஜினை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். அதன் படியில் கஸ்தூரி அண்ணி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகள். எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சைகையில் கேட்டார். நான் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். சொன்ன பிறகுதான் அது கேட்டில் உட்கார்ந்து நான் பேசும் குரல் என்பது என் காதுக்கே தெரிந்தது. அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வருஷா வருஷம் லேட்டா வருவாரு தம்பி. இந்த வாட்டி டயத்துக்கு வந்துகீறாரு. நீங்கதான் உள்ள உடல."

நம் ஊரில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள் சிலர், ஷிஃப்ட் முடித்து வந்த யூனிஃபார்மோடு அங்கே நின்றார்கள். ஒருவன் தண்ணீர் கேன் வாங்கி வந்து வைத்தான். இன்னொருவன் அண்ணிக்கு வெயில் படாமல் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தணிகாசலம் அண்ணனை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. "நீங்க சாமி காரியத்தப் பாருங்க அண்ணாச்சி, நாங்க நிக்கோம்" என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். செருப்பால் அடித்திருந்தால்கூட நான் நிமிர்ந்து நடந்து வந்திருப்பேன்.

கரகம் வந்தது, தீபாராதனை நடந்தது, கூழ் வார்த்தோம். நல்ல கூட்டம். சாயங்காலம் கோயில் நடையைச் சாத்தி, அதன் பிறகு வண்டியை வரச் சொன்னோம். நாமக்கல்காரர் அவருடைய பையையும் கூடவே அனுப்பிவைத்திருந்தார். ஊருக்குள் வருவதற்கு முன்னால் எடைமேடையிலேயே அண்ணி பையிலிருந்த வேட்டிக் கவரைப் பிரித்து, வெள்ளை வேட்டியை எடுத்து அவர்மேல் போர்த்தினார். அப்படித்தான் அவர் வீட்டுக்கு வந்தார்.

காரியத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கப் போயிருந்தபோது அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. அதெல்லாம் விடு தம்பி என்றார். பிறகு, அன்றைக்கு மணிச் சத்தம் எடைமேடைவரைக்கும் நன்றாகக் கேட்டது என்று சொன்னார். வண்டிக் கதவைத் திறந்துவிடச் சொல்லி மகள் கேட்டாளாம். அப்பா கேட்கட்டும் என்றாளாம். கதவைத் திறந்து வைத்தார்களாம்.

என்னிடம் அவருடையது என்று இருப்பது அந்தச் சிவப்புத் துண்டு ஒன்றுதான். ஓரம் நைந்துபோயிருக்கிறது, நடுவில் பித்தளைக் கறை அப்படியே இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அண்ணி வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தீபாராதனை நேரத்தில் அது என் தோளில்தான் கிடந்தது. அவர் ஊருக்கு வெளியே காத்திருக்கையில் மணி அடிக்காமல் இருக்க, அதன் நாக்கில் இந்தத் துண்டை ஒரு சுற்று சுற்றியிருக்கலாம். எப்படிச் சுற்றுவது என்பது எனக்குத் தெரியும், அவர் கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் அதால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.