பட்டு குடித்த சாயமும் நான் எழுதிய பெயரும்

அன்றைக்கு ஆற்று மணல் செருப்பையும் மீறிச் சுட்டது... நடுவில் ஒல்லியாக ஓடிய தண்ணீர் அரக்கு நிறத்தில் இருந்தது. அதன் நெடியில் தொண்டை கமறியது.

ஆரணியில் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். கெமிஸ்ட்ரி டிகிரி, பையில் நாலு சாம்பிள் பாட்டில், தலை நிறைய கர்வம். ஆற்றில் கலக்கும் கழிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

கரையில் கூடியிருந்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"ஏகாம்பரம் பட்டறதான் மேடம். ரெண்டு நாளா அரக்கு சாயந்தான் போட்டுகினு இருக்கான்."

பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் ஏகாம்பரம். அவர் பட்டறைக் குழாய் ஆற்றில்தான் வந்து முடிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. குழாயில் அப்போது ஒரு சொட்டு வரவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவர் ஓடி வந்தார். "மேடம், பட்டு சாயத்த குடிச்சிடும். பதமா காச்சினா தொட்டித் தண்ணி வெளுத்துப்பூடும். கலரோட கீழ ஊத்தினா சாயம் எனக்குத்தான வேஸ்ட்டு? ஆத்துல மேல போயி பாருங்க மேடம்... ஒரே ஒரு தபா."

"அதெல்லாம் லேப் சொல்லும்" என்றேன். வெயில் ஒரே பேஜார். குழாய்க்குக் கீழே மட்டும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சாம்பிளில் சாயம் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்! அறிக்கையில் அவர் பெயரை எழுதினேன். பட்டறைக்கு கரண்ட் கட்.

பத்து நாள் கழித்து, பட்டறை பூட்டிக் கிடக்கும்போதே, தண்ணீர் மறுபடி சிவந்தது.

இந்த முறை குழாயைத் தாண்டி மேலே நடந்தேன். அங்கேயும் அதே சிவப்பு. நடந்துகொண்டே இருந்தேன்... ஒரு பாலத்தடியில் லாரி டயர் தடமும், சிவப்பு வழிந்த கரையும். அதற்கு மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது. எங்கிருந்தோ வந்த டேங்கர் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

அறிக்கையைத் திருத்தினேன். கரண்ட் வந்தது. அதற்குள் அவருக்கு நூல் கொடுத்தவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

அது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது எங்களுக்கு எல்லாமே போனில்தான். மேப், லொகேஷனோடு போட்டோ... குழாய்க்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் எடுக்காமல் என் டீமில் யாரும் திரும்புவதில்லை. அன்றைக்கு எனக்கு மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. கொஞ்ச தூரம் நடந்திருந்தால் போதும்.

போன மாதம் கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப்பில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். செக்யூரிட்டி யூனிஃபார்மில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அதான் மாத்தி எழுதிட்டீங்களே மேடம், வுடுங்க" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்த ரெண்டாவது காயிதத்த எங்க தெருவுல யாரும் படிக்கல மேடம். எம் பொண்ண பாக்க வந்தவங்ககூட, ஆத்த நாறடிச்சவரு வூடு இதானான்னு கேட்டுகினுதான் உள்ள வந்தாங்க."

பஸ் வந்தது, போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆரணிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் தெருவில் சொல்லுங்கள். ஆற்றைக் கெடுத்தது ஏகாம்பரம் இல்லை. தப்பாக எழுதியது நான்.