நடுவில் நிற்காத கிட்டார்

“மாமா, இந்த ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் குடுத்தே ஆகணும்.”

அவர் வேலையில் மட்டும் குறை சொல்லிவிடாதே என்று அம்மா சொல்லித்தான் மாமா கடைக்கு வேலைக்கு அனுப்பினாள். சொன்னேன். அன்று நடந்தது அத்தனையும் நிஜம். நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மாமாவுக்கு அதுவே கேலி.

“வந்துட்டாங்கப்பா டிகிரி! இத்தனை வருஷம் எர்த் போட்டா குடுத்தேன்? சாயங்காலம் ஆர்டர் குடுத்த பையன் எடுக்க வருவான். டெஸ்ட் பண்ணி மூடு.”

சாப்பிடப் போய்விட்டார்.

எர்த் இல்லாவிட்டால், உள்ளே கசியும் கரண்ட் கிட்டார் கம்பி வரை வரும். வாசிப்பவன் கை அங்கேதான் இருக்கும். சொல்லி என்ன பயன்? கடை அவருடையது.

ஆம்ப்ளிஃபயர் பெட்டி அவர் செய்தது. ஃபோனில் ஓடும் ஸ்டீரியோ பாட்டோடு கிட்டாரைக் கலக்கும் பகுதி மட்டும் என் வேலை. கிட்டாரை இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிபாதியாகப் பிரித்திருந்தேன். சத்தம் நடுவில்தான் நிற்கும். நகர வழியே இல்லை.

மணி இரண்டு பத்து. வெளியே சுள்ளென்று வெயில். பாட்டைப் போட்டேன்.

பாட்டுக்குள் ஒரு கிட்டார் சேர்ந்துகொண்டது.

நான் இன்னும் கிட்டாரைச் சொருகவே இல்லை.

பாட்டை நிறுத்தினேன். கிட்டார் நிற்கவில்லை. டிங்... டிங்... ஒரே கம்பி. இடது ஸ்பீக்கரில் மட்டும்.

பிறகு நகர்ந்தது. நடுவுக்கு... வலதுக்கு... யாரோ வாசித்தபடியே மேசையைக் கடப்பதுபோல.

வால்யூமைக் குறைத்தேன். குறையவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். மிச்சக் கரண்ட் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

டிங்...

என் முதுகுக்குப் பின்னால். அங்கே ஸ்பீக்கரே இல்லை.

திரும்பினேன். யாரும் இல்லை. ஒரு பையனின் குரல் மட்டும்.

“கையை எடுக்க முடியலக்கா...”

அவ்வளவுதான். அடங்கிவிட்டது.

மாமா வந்ததும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உனக்கு யார் சொன்னா?”

“எதை?”

“போன மழையில... ஒரு பையன். நான் செஞ்சு குடுத்த ஆம்ப்ளிஃபயர். கை கிட்டார் கம்பியோட ஒட்டிக்கிச்சு. அவங்கக்கா எதிர்லயே நின்னா. தொடப் பயந்துட்டா.”

“அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன மாமா?”

மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“அதுல இருந்த டிரான்ஸ்ஃபார்மர் நல்லாத்தான் இருந்துச்சு... இதுல போட்டுட்டேன். வீணாக்க மனசு வரல.”

இது இன்னொரு பையன் கைக்குப் போகக் கூடாது. பெட்டியைத் தூக்கினேன். பிணக் கனம்.

“ஏய், வெச்சுட்டுப் போடி! பையன் வந்துட்டே இருக்கான்!”

முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.