துடக்குக்கு உப்பு

மாலை நாலு இருபதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. சித்தப்பாவைத் தகனம் செய்துவிட்டு நியூ லின் வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்து வீட்டு ஜப்பானிய அன்ரி, என் சிநேகிதியின் அம்மா, கிண்ணத்தோடு காத்திருந்தார். குனிந்து வணங்கினார். நிமிர்ந்ததும் உப்பை அள்ளி அப்பாவின் நெஞ்சில் வீசினார். எனக்கும் கொஞ்சம் விழுந்தது.

எங்களுக்கு உப்பு என்றால் கண்ணூறு கழிக்கத்தான். செத்தவீட்டால் வருபவர் மேல் எறிவது எதற்கென்று பெரியவர்களுக்குத் தெரியாது. தெரியாததற்கு அப்பா உடனே பெயர் வைத்தார்.

"செய்வினை. இனி நீ அங்க விளையாடப் போகக்கூடாது."

"அது துடக்குப் போகத்தானப்பா. அன்ரியின்ர மகள் எனக்குச் சொன்னவள்."

"ஷிண்டோ சமயமாம். வேதமும் இல்லை, கட்டளையும் இல்லை. அவைக்கு நல்லது கெட்டது ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

"எங்களிட்ட வேதம் இருக்கு. இந்த வீட்டில ஆர் வாசிச்சது?"

அம்மா என் வாயைப் பொத்தினார். எல்லோரும் சாவுத் தீட்டான துடக்குக் கழியக் குளிக்கப் போனார்கள். அவளோடு விளையாட விட்டால்தான் குளிப்பேன் என்று நான் படியில் குந்திவிட்டேன். வீடே துடக்கைக் கழுவிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி அதை வாசலில் வைத்துக் காவல் காத்தேன்.

அப்பாவும் குளிக்கவில்லை. அதே சட்டையோடு கராஜ் வாசலில் நின்றார். அவரும் என்னைப்போல அடம்பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பாவை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும், ஈஸ்ட் டாமாக்கியில் இரவு வேலை எடுத்துக் கொடுத்ததும் அப்பா. அந்த வேலை முடிந்து கார் ஓட்டித் திரும்பும்போதுதான் சித்தப்பா கண்ணயர்ந்துவிட்டார். இப்போது என் மகன் கார் ஓட்டப் பழகுகிறான். அவன் வீடு வந்து சேரும்வரை அதே கராஜ் வாசலில் நானும் நிற்கிறேன்.

வெளிச்சம் மங்குகையில் அன்ரி திரும்ப வந்தார். கேட்காமல் போட்டது தன் பிழை என்றார்.

அப்பா ஆங்கிலத்தில் கேட்டார்: "தம்பியைக் கூப்பிட்டது நான். அந்த வேலைக்கு விட்டதும் நான். அதுவும் உங்கள் உப்பில் போகுமா?"

அன்ரி அப்பாவின் சட்டையைப் பார்த்தார். பிறகு, "நீங்கள் கெட்டவர் இல்லை. இது வந்து ஒட்டினது. தட்டினால் விழும்" என்றார்.

சட்டையில் இருந்த உப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.