கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர்

டைட்டானிக் கப்பலைப் பற்றிக் குழந்தைகளுக்காகப் பதினொரு புத்தகம் எழுதித் தள்ளியதால் அவருக்குக் கப்பலார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினொன்றும் ஒன்றேதான். ஒன்றுக்கு நீல அட்டை, இன்னொன்றுக்குப் பச்சை, மற்றொன்றில் கடைசியில் வண்ணம் தீட்ட நாலு படம். கடலை மனிதர் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் செருப்பு நனையாத தூரத்தில் நின்று.

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. மற்றவர்கள் எழுதிய கப்பல் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே முகம் கோணும். நாலாவது புகைபோக்கி காற்றோட்டத்துக்காக வைத்தது, கொதிகலன் புகை அதன் வழியே வராது, அதுகூடத் தெரியாமல் நாலிலும் புகை வரைந்து வைத்திருக்கிற ஜென்மங்கள் என்பார். எல்லாம் ஈயடிச்சான் காப்பி என்பார். தான் படித்ததும் ஒரே ஒரு புத்தகம்தான் என்பதை மறந்தும் சொல்ல மாட்டார்.

இந்த லட்சணத்தில், அவருடைய முதல் புத்தகம் அச்சுக்குப் போனபோது பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகும் ஃபாரத்துக்குப் பதினைந்து பக்கச் சரக்குதான் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையாகப் போகிறதே என்று அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். கப்பலார் பைண்டிங் மேஜையோரம் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள், ஒரு கிழவரை உண்டாக்கினார். கப்பலிலுள்ள கடிகாரங்களுக்கெல்லாம் சாவி கொடுப்பது கிழவரின் வேலை. கப்பல் மூழ்கும்போதும் படகில் ஏறாமல், கடிகாரம் கடிகாரமாகப் போய்ச் சாவி கொடுத்துக்கொண்டே உயிரை விட்டார். அப்படி ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பக்கம் நிறைந்தது, அவ்வளவுதான்.

சில வருடங்களில் கிழவர் வேறு ஆறு பேரின் புத்தகங்களில் ஏறிவிட்டார். ஒருவர் கிழவருக்குத் தாடி வைத்தார். இன்னொருவர் ஒரு பேத்தியையே தாரை வார்த்தார். கப்பலார் அவற்றைப் புரட்டிப் புரட்டி வயிறு குலுங்கச் சிரித்தார்.

மகள் பள்ளி ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கட்டுரைப் போட்டித் தாள் ஒன்றோடு வந்து நின்றாள். எழுதியவள் எட்டாம் வகுப்புப் பெண். கப்பல் ஊழியர் பட்டியல் முழுவதையும் தேடிப் பார்த்ததாகவும், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் என்று யாருமே இல்லை, இது யாரோ அவிழ்த்துவிட்ட கதை என்றும் எழுதியிருந்தாள்.

கப்பலார் படித்தார். பதினொரு புத்தகத்திலும் தான் செய்யாத வேலையை ஒரு சின்னப் பெண் செய்திருக்கிறாள் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"உண்மையைச் சொல்லுங்கப்பா. அவர் இருந்தாரா இல்லையா?" என்றாள் மகள். "இல்லைன்னா முதல் பரிசு இவளுக்குத்தான். இருந்தார்னா பத்து மார்க் குறைக்கணும், பரிசு கைவிட்டுப் போயிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சின்ன வயசுல அந்தப் பக்கத்தைப் படிச்சு நான் எவ்வளவு அழுதிருக்கேன். வருஷா வருஷம் என் பிள்ளைங்களுக்கும் சொல்றேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மகள் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் ஜெயித்தது. எழுந்து அலமாரியிலிருந்து அந்த ஆறு புத்தகங்களையும் எடுத்து வந்து மகள் முன்னால் அடுக்கினார்.

"நான் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? இதோ பாரு, ஆறு பேர் எழுதியிருக்காங்க. எல்லாரும் விஷயம் தெரிஞ்சவங்க."

மகளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்துப் பத்து மார்க்கைக் குறைத்தாள்.

"பாவம், கெட்டிக்காரப் பொண்ணு. ஆதாரம் இல்லாம எதையும் எழுதக்கூடாதுன்னு நாமதான் சொல்லித் தரணும், இல்லப்பா?"

கப்பலார் ஆமாம் என்று தலையாட்டினார்.