எந்திரத்தில் தொங்கிய தாடி

அகாத்துக்குப் பயம் காட்டியவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. புருஷன் செத்த வருஷமே பிர்ச் மரப்பட்டைக் குழலை எடுத்துக்கொண்டு தனியாகச் சதுப்புக்குப் போய், மோஸ் என்கிற பெரிய காட்டு மானின் பெட்டையைப் போலக் குரல் கொடுத்து, வந்த கிடாயைச் சுட்டவள். பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டவர்கள் அவள் பங்கு வைத்த கறியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

சுட்ட மோஸின் கழுத்தடியில் தொங்கும் தாடியை அறுத்து, பக்கத்து மரத்தில் கட்டிவிடுவாள். தாடி கட்டிய மரத்தைக் காற்றுதான் சாய்க்கவேண்டும், மனுஷன் கை படக்கூடாது என்பது அந்தக் காட்டின் பூர்வகுடிகளான அவள் ஆட்களின் வழக்கம். அவள் அப்பா கட்டிய மரத்தை நேற்று மரக் கம்பெனி வெட்டிவிட்டது. இன்று மிச்சக் காட்டுக்கும் வந்துவிட்டார்கள். அது போனால் குளிர்காலத்தில் மோஸுக்கு ஒதுங்க இடமில்லை, அவள் வீட்டில் கறியும் இல்லை.

வெட்டும் எந்திரத்தின் எதிரே அவள் வந்து நின்றாள். விடியலில் சுட்ட மோஸின் ரத்தம் கையில் காயவில்லை.

"வழிய விடும்மா," என்றான் மேஸ்திரி பிலோதோ. "நாங்க வச்ச மரக்கன்னையெல்லாம் உன் மோஸ் பட்டை உரிச்சே கொன்னுடுச்சு. அதுக்கு இங்க என்ன வேலை?"

"உரிக்கத்தான்யா செய்யும்! பட்டைய உரிச்சுத் திங்கிறவன்னுதான் எங்காளுக அதுக்கு மோஸ்னு பேரே வச்சாங்க. ஊரு உலகமே அந்தப் பேரத்தான் சொல்லுது. அது சாப்பாட்டுத் தட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, அதையே வெளிய போகச் சொல்றியா?"

மேஸ்திரி ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினான். "தோமா, எடுடா வண்டிய!"

தோமா அவள் தம்பி மகன். "அத்தே, தள்ளிக்க," என்று கெஞ்சினான். "என் பொழப்பக் கெடுக்காத."

"உன் பொழப்பு நான் போட்ட கறியில வளந்ததுடா."

சொல்லிக்கொண்டே எந்திரத்தின் கை மேல் ஏறி, விடியலில் அறுத்து மடியில் வைத்திருந்த மோஸின் ஈரத் தாடியை அதன் இரும்பு நகத்தில் இறுக்கிக் கட்டினாள். மேஸ்திரி சிரித்தான். தோமா சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்து, கீழே குதித்து, அதை மேஸ்திரியின் கையில் வைத்தான்.

"என்னடா இது?"

"இப்ப அது தாடி கட்டின மரம் சார். காத்து வந்து தள்ளட்டும்."

இறங்கி நடந்த அகாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாடா," என்றாள். "மோஸ் தொடைய ஒருத்தியா தூக்க முடியல."